மலையில் கெட்டி அட்டையா, சாதா அட்டையா? புத்தகம் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

குன்னூரில் ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் முதலில் பூசணம் பூப்பது செருப்பு ஸ்டாண்டில். அடுத்தது கெட்டி அட்டைப் புத்தகங்களில். சாதா அட்டைப் புத்தகங்களின் முறை மூன்றாவதாகத்தான் வரும். சில வருடம் அவை தப்பித்தும் விடும். ஈரோட்டில் இருக்கும் என் தம்பி இதை நம்ப மாட்டான். "கெட்டி அட்டைன்னா காலத்துக்கும் இருக்கும்க்கா" என்பான். ஈரோட்டில் இருக்கும்தான்.

26 வருடம் பள்ளியில் தமிழ் எடுத்தேன். அதில் 19 வருடம் நூலகச் சாவியும் என் இடுப்பில்தான் இருந்தது. அந்த அலமாரிகளில் கெட்டி அட்டையும் சாதா அட்டையும் எப்படி மூத்தன, எப்படிச் செத்தன என்று பக்கத்திலிருந்து பார்த்தவள். கடையில் நிற்கிறவர்கள் கேட்கும் கேள்வி, "இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து கெட்டி அட்டை வாங்கலாமா?" என்பது. மலையில் அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் நான் சொல்வதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை அங்கே அடிக்கிற அடி வேறு.

முதல் படி: புத்தகம் குடியிருக்கப்போகும் சுவர்

புத்தகத்தைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள். அலமாரி நிற்கும் சுவரில் காலை ஆறு மணிக்கு உள்ளங்கையை வையுங்கள். ஜில்லென்று இருந்தால் அது வெளிச்சுவர். அங்கே கெட்டி அட்டை வேண்டாம்.

காரணம் எளிது. காற்று குளிரக் குளிர அது தாங்கக்கூடிய ஈரம் குறையும். அறையின் நடுவில் 18 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், பயப்பட ஒன்றுமில்லை. அதே காற்று 14 டிகிரியில் இருக்கும் சுவரை ஒட்டிப் போனால் அங்கே ஈரப்பதம் 77 சதவீதம் ஆகிவிடும். பூசணம் பிடிக்க 65, 70-ஐத் தாண்டி அங்கேயே சில நாள் நின்றால் போதும். ஒரே அறையில், ஒரே அலமாரியில், முன்வரிசைப் புத்தகம் நன்றாக இருக்க, பின்வரிசை வெள்ளை பூத்து நிற்பது இதனால்தான். மழை உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லை.

ஈரப்பதத்தை அளந்து காட்டும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, அறை நடுவில் தொங்கவிடாமல், அலமாரியின் கீழ்த்தட்டில், புத்தகங்களுக்குப் பின்னால் வையுங்கள். ஒரு வாரம் காலையிலும் ராத்திரியிலும் எண்ணைக் குறித்து வாருங்கள். 60-க்குள் நின்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர், எந்த அட்டையும் வாங்கலாம். 70-க்கு மேலேயே நின்றால் புத்தகம் வாங்குவதைத் தள்ளிப்போட்டு அலமாரியை நகர்த்துங்கள். வீட்டின் உள்சுவருக்கு மாற்றி, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரையடி தூக்கிவிட்டாலே எண் இறங்கும். இடைப்பட்ட வீடுகள்தான் நிறைய. அவர்களுக்காகத்தான் அடுத்த படிகள்.

பீரோ பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் புத்தகம் பத்திரமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். ஈரமும் பத்திரமாகவே இருக்கிறது. இரும்பு பீரோ இன்னும் மோசம். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் தகடு உறைந்து, காலையில் உள்பக்கம் வியர்த்திருக்கும். என் அம்மா துணி பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவார். மலையில் பல வீடுகளில் இது உண்டு. துணியே தீய்ந்துபோன கதையும் உண்டு. காகிதத்துக்குப் பக்கத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். கதவில்லாத மரத் தட்டு, நெருக்கி அடைக்காத புத்தகங்கள். இவ்வளவு போதும். தூசி விழும், உண்மைதான். தூசியைத் தட்டிவிடலாம்.

இரண்டாம் படி: முதுகைப் பாருங்கள்

அட்டையைப் பார்க்கும் கண்ணை இப்போது முதுகுக்குத் திருப்புங்கள். இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

சில வருடம் முன்பு ஒரு அகராதி வாங்கினேன். கெட்டி அட்டை, பளபளவென்று மேலுறை, தங்க எழுத்து. இரண்டே வருடத்தில் 'ப' வரிசை முழுதும் கையோடு வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் வழக்கமாக நான் போகும் பைண்டர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் புத்தகத்தை மேசையில் மல்லாத்தி, அட்டையும் தாளும் சேருமிடத்தில் பிளேடை வைத்து ஒரு இழு இழுத்தார். அட்டை மூடி மாதிரி கழன்று வந்தது. உள்ளே தாள்களின் முதுகில் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டைப் பசை. அவ்வளவுதான். ஒரு இழை நூல் இல்லை. நகத்தால் பசையைச் சுரண்டினார். கடலை மிட்டாய் மாதிரி உடைந்து விழுந்தது.

"பாருங்க டீச்சர், கோட்டு போட்டிருக்காங்க, உள்ளே சட்டையே இல்லை."

கெட்டி அட்டை என்றால் உள்ளே தையல் இருக்கும் என்பது பழைய காலத்து நம்பிக்கை. இன்று சாதா அட்டைக்குப் போடும் அதே பசைக்கட்டின் மேல் கெட்டி அட்டையை மாட்டி விற்பது சகஜம். மறுபக்கம், தைத்துக் கட்டிய சாதா அட்டைப் புத்தகங்களும் உண்டு. அட்டையின் தடிமன் தையலைப் பற்றி எதுவுமே சொல்லாது.

தையல் இருக்கிறதா என்று கடையிலேயே கண்டுபிடிக்கலாம். புத்தகத்தை மூடியபடி, தலைப்பகுதியிலிருந்து முதுகோரத்தைப் பாருங்கள். தைத்த புத்தகத்தில் தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக, ஒவ்வொன்றும் மடித்த கைக்குட்டை மாதிரி தனித்தனியாகத் தெரியும். அச்சகத்தில் இந்தக் கட்டைத்தான் ஃபாரம் என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு ஃபாரம் 16 பக்கம். பசை மட்டும் போட்டதில் முதுகைச் சீவியிருப்பார்கள். தாள்கள் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே சீராக நிற்கும்.

அடுத்து நூலைத் தேடுங்கள். ஃபாரத்தின் நடுமடிப்பில்தான் நூல் ஓடும். முதல் தாளிலிருந்தே பக்க எண் போட்டிருந்தால் 8-க்கும் 9-க்கும் நடுவே, பிறகு 24-க்கும் 25-க்கும் நடுவே, பிறகு 40, 41. முன்னுரைக்குத் தனி எண் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு நகரும், ஆனால் 16-க்கு ஒரு முறை நூல் கண்ணில் பட்டாக வேண்டும். மடிப்பு இருந்தும் நூல் இல்லையென்றால், ஃபாரத்தின் முதுகில் கீறல் போட்டு அதற்குள் பசையை இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெறும் பசைக்கட்டை விடத் தேவலை, தையலுக்கு ஈடாகாது.

ஏமாற்றும் அடையாளம் ஒன்று உண்டு. கெட்டி அட்டைப் புத்தகத்தின் முதுகுத் தலையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டி நாடா தெரியும். அதைக் காட்டி "கையால தைச்சதுங்க" என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொன்னார். அந்த நாடா மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டி ஒட்டுவது. அழகுக்கு.

பசைக்கு வருவோம். சாதாரணமாகப் போடுவது சூடாக்கி உருக்கி ஊற்றும் பசை, ஆறினால் இறுகும். இதற்குக் குளிர் ஆகாது. ஜனவரியில் ஒரு விடியற்காலை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. ராத்திரி ஜன்னல் திண்டில் வைத்திருந்த 500 பக்க நாவலை எடுத்து, விட்ட இடத்தைச் சட்டென்று விரித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிந்த மாதிரி. முதுகின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. அன்றைக்குத் தாள் ஒன்றும் விழவில்லை. பிப்ரவரி கடைசிக்குள் 12 தாள் விழுந்துவிட்டது. பசைக்கட்டுப் புத்தகத்தை மலைக் குளிரில் எடுத்ததும் விரிக்கக் கூடாது. பத்து நிமிடம் அறைச்சூட்டில், அல்லது கம்பளிக்குள் வைத்திருந்து, பிறகு முன்னிருந்து கொஞ்சம், பின்னிருந்து கொஞ்சமாகத் திறந்து நடுவுக்கு வாருங்கள். சிரிக்காதீர்கள், 30 வருடத்துப் பசைக்கட்டுப் புத்தகங்கள் என்னிடம் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன.

பியூஆர் என்று இன்னொரு பசை இருக்கிறது. பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே இறுகும், இறுகியபின் குளிருக்கும் சூட்டுக்கும் அசையாது. புத்தகமும் நன்றாக விரிந்து கொடுக்கும். பசைப்பட்டை மிக மெலிசாக இருந்து, விரித்த பக்கம் அடங்கிப் படுத்தால் அதுவாக இருக்கலாம். வாங்குகிறவருக்கு உறுதியாகச் சொல்ல வழி, பதிப்பாளரைக் கேட்பதுதான். கேளுங்கள், கேட்கக் கேட்கத்தான் போடுவார்கள்.

இந்தப் படியின் முடிவு: தைத்த சாதா அட்டை, தைத்த கெட்டி அட்டை, பசைச் சாதா அட்டை, கடைசியாகப் பசைக் கெட்டி அட்டை. மலைக்கு என் வரிசை இது. கடைசியாகச் சொன்னதற்கு நூறு ரூபாய் கூடக் கொடுப்பது நூறு ரூபாயை ஆற்றில் போடுவது.

மூன்றாம் படி: அட்டையும் தாளும் ஈரத்தை எப்படிக் குடிக்கின்றன

கெட்டி அட்டையின் உள்ளே இருப்பது சாம்பல் நிற போர்டு. கழிவுக் காகிதக் கூழை அழுத்திச் செய்தது. ஈரத்தைக் கண்டால் குடிக்கும். அதன் மேலே கேலிகோ துணி. துணிக்கு விறைப்பு வரக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அதை ஒட்டும் பசையும் பல இடங்களில் மாவுப் பசைதான். ஈரம், கஞ்சி, மாவு. பூசணத்துக்கு இதற்கு மேல் விருந்து வேண்டுமா? வெல்லத்தில் எறும்பு மொய்ப்பது போல முதலில் முதுகு மடிப்பில்தான் பிடிக்கும். கேலிகோவுக்குப் பதில் அச்சடித்த தாளை லேமினேஷன் செய்து போர்த்திய கெட்டி அட்டையில் பூசணம் குறைவு. அதற்கு வேறு நோய். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஈரத்தை வாங்காது, உள்பக்கம் வாங்கி விரியும். அட்டை வெளிப்பக்கமாக வளைந்து, படகு மாதிரி நிற்கும்.

சாதா அட்டைக்கும் அதே கணக்குதான். ஆடி மாதம் மேசையில் வைத்த பேப்பர்பேக்கின் அட்டை தானாக மேலே சுருண்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். படலம் ஒட்டாத உள்பக்கம் ஈரம் குடித்து நீள்கிறது, அவ்வளவே. காற்று காய்ந்தால் பெரும்பாலும் படிந்துவிடும். உட்பக்கமாக மடித்துவிட்ட காதுள்ள அட்டையானால் இந்தச் சுருட்டல் குறைவு. அதனால் காதுள்ள சாதா அட்டை கிடைத்தால் நான் இரண்டாம் யோசனை இல்லாமல் எடுப்பேன். போதாததற்கு அந்தக் காது அடையாளம் வைக்கவும் ஆகும்.

தாளுக்கு ஓட்டம் உண்டு. மரத்துக்கு இழை ஓடுவது போல. அந்த ஓட்டம் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழே இருக்க வேண்டும். ஈரம் பட்டால் தாள் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஓட்டம் தப்பாக இருந்தால் அந்த விரிவை முதுகுப் பசை பிடித்து நிறுத்தும், தாள் முதுகோரத்தில் அலையலையாக நெளியும். சோதிக்க ஒரு தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. நாலைந்து தாளைச் சேர்த்துப் பிடித்து, நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த மடிப்புக் கோடுதான் ஓட்டம்.

ஆர்ட் பேப்பர் தனிக் கதை. பறவை, பூ, ஓவியம், கோயில் சிற்பம் என்று படங்களுக்காக வாங்கும் பெரிய புத்தகங்கள் அந்தத் தாளில்தான் வரும். அதன் வழவழப்பு மேலே பூசிய வெள்ளைக் களிமண் பூச்சு. நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு வந்துவிடும். இந்த வகைப் புத்தகம் பெரும்பாலும் கெட்டி அட்டையில்தான் கிடைக்கிறது. பெரிய அளவுத் தாள் தன் கனத்தில் தொங்காமல் இருக்க அந்த அட்டை தேவையும்கூட. வாங்குங்கள். மேல்தட்டில், உள்சுவரில், படுக்க வையுங்கள். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

நாலாம் படி: யார், எங்கே, எப்படி வாசிக்கப்போகிறார்கள்

டெம்மி அளவில் 400 பக்கப் புத்தகம் ஒன்றை எடுங்கள். தாள் 70 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 70 கிராம். 200 தாள், ஒவ்வொன்றும் சுமார் 14க்கு 21.5 சென்டிமீட்டர், தாளின் எடை மட்டும் 420 கிராம் வரும். சாதா அட்டை சேர்ந்தால் 450-ஐ ஒட்டி. கெட்டி அட்டையானால் இன்னும் ஒரு நூறு, நூற்றைம்பது கிராம் கூடும். கேட்க அற்பமாக இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு, போர்வைக்கு வெளியே ஒரு கையை மட்டும் நீட்டி, மல்லாந்து படுத்து வாசித்துப் பாருங்கள். மலையில் பாதி வாசிப்பு அப்படித்தானே நடக்கிறது. இருபதாம் பக்கத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். அட்டையின் கூர் முனை நெஞ்சில் குத்துவது தனி.

பேருந்தில் வாசிப்பவர்களுக்கும் சாதா அட்டைதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவு; அதில் வாசிப்பதே சாகசம், கெட்டி அட்டையோடு என்றால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சாகசம்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் பாதி மாறுவேன். பள்ளி நூலகத்தில் ஒன்றாவது முதல் மூன்றாவது வகுப்பு வரை கெட்டி அட்டை வாங்கினேன். அந்த வயதில் புத்தகத்தை முதுகைப் பிடித்து எடுக்கத் தெரியாது, ஒரு அட்டையைப் பிடித்துத் தூக்கும். அதற்குக் கெட்டி அட்டைதான் தாங்கும். அது எவ்வளவு நாள் இருக்கும் என்பதை விட, அந்த மூன்று வருடம் எத்தனை கை மாறும் என்பதே கணக்கு. பூசணம் பிடிக்கும் அளவுக்கு அந்தப் புத்தகங்கள் தட்டில் ஓய்ந்து உட்கார்ந்ததே இல்லை. நாலாவதுக்கு மேல் எல்லாம் சாதா அட்டை.

அகராதி, வைத்தியம், தோட்ட வேலை, சமையல் போன்ற நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் புத்தகங்களும் கெட்டி அட்டைக்குத் தகுதியானவை, தையல் இருந்தால். நாவல், கதை, கவிதை, கட்டுரை எல்லாம் சாதா அட்டை போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழமைக்காக வாங்குகிறவர்கள் உண்டு. ஊட்டியில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகத்தின் பழைய கட்டுகளைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துக் கெட்டி அட்டை பாருங்க, இன்னும் நிக்குது" என்பார்கள். அந்தக் காலத்துக் கட்டில் தையல் இருந்தது. பராமரிக்க ஆளும் இருந்தார்கள். வீட்டில் நாமே அந்த ஆள்.

ஐந்தாம் படி: சாதா அட்டை வாங்கி, நாமே கட்டிக்கொள்வது

மலைவாசிக்கு நான் அதிகம் சிபாரிசு செய்யும் வழி இது. தைத்த சாதா அட்டைப் பதிப்பை வாங்கி நன்றாக வாசியுங்கள். இன்னும் பத்து வருடம் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் பைண்டரிடம் கொண்டுபோங்கள். பத்தில் எட்டுக்கு அப்படித் தோன்றாது.

போகும் முன் உள் மார்ஜினை அளந்துகொள்ளுங்கள். எழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி. பசைக்கட்டுப் புத்தகத்தை மறுகட்டுக் கட்டும்போது, மடிப்பு இல்லாததால், ஓரத்தில் துளை போட்டுப் பக்கத் தையல்தான் போடுவார்கள். அதற்கே ஒரு சென்டிமீட்டர் போய்விடும். மார்ஜின் குறைந்த புத்தகம் அதன் பிறகு விரியவே விரியாது. வரியின் கடைசி எழுத்தை எட்டிப் பார்த்து வாசிக்க வேண்டும். என்னிடம் அப்படி ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கிறது. ஃபாரம் தையல் உள்ள புத்தகமானால் பழைய நூலை எடுத்துவிட்டு, அதே துளைகளில் புதிதாகத் தைத்துவிடலாம். மார்ஜின் ஒரு இம்மியும் குறையாது.

பைண்டரிடம் சொல்ல வேண்டியவை: "ஃபாரம் தையல் போடுங்க. மூணு பக்கமும் சீவ வேண்டாம், இல்லேன்னா நூலளவு மட்டும் சீவுங்க." இதைச் சொல்லாவிட்டால் கட்டிங் மெஷினில் வைத்து அரை விரல் வெட்டிவிடுவார்கள். பக்க எண்ணே பறிபோகும். மேலே கேலிகோவா, ரெக்சினா என்று கேட்பார். சமவெளிக்குக் கேலிகோ, மலைக்கு ரெக்சின். ரெக்சினைத் துணியால் துடைத்துவிடலாம். பார்க்க ரேஷன் கடைப் பதிவேடு மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பசையைப் பற்றியும் கேளுங்கள். நல்ல பைண்டர்கள் மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் கொஞ்சம் போடுவார்கள். அது விஷம், பூச்சியும் பூசணமும் பசையைத் தொடாமல் இருக்கத்தான் அது. ராமபாணம் துளைத்த பழைய புத்தகத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். முன்னட்டையில் புகுந்து பின்னட்டையில் வெளிவரும், அம்பு போன தடம் மாதிரி ஒரே துளை. பெயர் வைத்தவர் ரசிகர். இந்த வேலையை வீட்டு அடுப்பில் முயல வேண்டாம்.

கட்டக் கொடுக்கும் மாதம் பிப்ரவரி, மார்ச். மழைக்காலத்தில் கட்டினால் பசை காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும்.

ஆறாம் படி: வாங்கும் காலமும், வந்த முதல் வாரமும்

சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977-லிருந்து நடக்கிறது; வழக்கமாக ஜனவரியில். நம் மலைக்கு அது வரம். மழை ஓய்ந்து காற்று காயத் தொடங்கும் காலம். கெட்டி அட்டை வாங்குவதானால் அப்போது வாங்கி மேலே கொண்டுவாருங்கள், 10 சதவீதத் தள்ளுபடியும் சேரும். ஐப்பசி கார்த்திகையில் தபாலில் கெட்டி அட்டை வரவழைப்பது, மழையில் நனைந்த விருந்தாளியை நேராகப் படுக்கையில் உட்கார வைப்பது போல.

வந்த புத்தகத்தின் கண்ணாடித்தாள் உறையை உடனே பிரித்துவிடுங்கள். புதிதாக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் உறையோடு வைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. ஒரு வாரம் தனியாக, நிமிர்த்தி, பக்கங்களை விசிறி மாதிரி லேசாக விரித்து வையுங்கள். பிறகு தட்டில் ஏற்றலாம். படுக்க வைக்கச் சொன்ன பெரிய படப் புத்தகங்கள் தவிர, மற்ற கெட்டி அட்டையை எப்போதும் நேராக, பக்கத்துப் புத்தகம் தாங்கும்படி நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் உள்ளிருக்கும் தாள்கட்டு தன் கனத்தில் அட்டையிலிருந்து கீழே இழுக்கும். முதல் தாள் ஒட்டிய மடிப்பு கிழிவது அங்கேதான். அட்டை தாள்களை விடச் சற்றுப் பெரியது, தாள்கட்டு அந்தரத்தில் தொங்குகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சாதா அட்டையில் தாளும் அட்டையும் ஒரே மட்டம் என்பதால் இந்தப் பிரச்சினை கிடையாது.

வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை எல்லாம் பூச்சிக்கு ஓரளவு. பூசணத்துக்குப் பயனில்லை. நீலகிரித் தைலத்தைத் துணியில் நனைத்து அட்டை துடைக்கும் வழக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. வாசனை நன்றாகத்தான் இருக்கும், எண்ணெய்க் கறைதான் போகாது. சிலிக்கா ஜெல் மூடிய பெட்டிக்குள் மட்டும் வேலை செய்யும். திறந்த அலமாரியில் வைத்தால் அது ஊரின் ஈரத்தையெல்லாம் குடிக்கப் பார்க்கும்.

எல்லாம் செய்தும் பூசணம் வந்துவிட்டால்

முதலில் அந்தப் புத்தகத்தை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; பூசணம் இழைக்குள் இறங்கிவிடும். திண்ணையில், நிழலில், காற்றோட்டத்தில் நன்றாகக் காயவிடுங்கள். மலை வெயில் உறைக்கும், நேர் வெயிலில் வைத்தால் அட்டை வளையும், தாள் மஞ்சளிக்கும். காய்ந்தபின் மூக்கில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால், முகத்துக்கு எதிர்த்திசையில் தட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது. தட்டையும் துடைத்துக் காயவைத்த பிறகே புத்தகம் திரும்பப் போகலாம்.

கூரை ஒழுகி முழுதாக நனைந்துவிட்டால் கையில் இரண்டு நாள்தான் அவகாசம். 48 மணி நேரத்துக்குள் பூசணம் கிளம்பிவிடும். சாதா அட்டையானால் பிழைக்க வாய்ப்பு அதிகம்: தலைகீழாக நிறுத்தி, இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு எழுதாத வெள்ளைத்தாள் அல்லது துடைக்கும் காகிதம் செருகி, ஃபேன் காற்றில் வைத்து, செருகிய தாளை மணிக்கொரு தரம் மாற்றுங்கள். செய்தித்தாள் செருகினால் மை இறங்கலாம். கணப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஓரளவு காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கனமான எதையாவது ஏற்றினால் நெளிவு குறையும். கெட்டி அட்டையானால் போர்டு காயக் காய வளைவதைத் தடுக்க முடியாது. அட்டையை அறுத்தெடுத்துவிட்டுத் தாள்கட்டை மட்டும் காப்பாற்றி, கோடையில் புது அட்டை போட்டுக்கொள்வது உத்தமம்.

ஆர்ட் பேப்பர் புத்தகம் நனைந்தால், ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரித்து நடுவே தாள் வைக்க வேண்டும். 2019 ஆகஸ்ட் மழையில் எங்கள் வீட்டு வடக்கு மூலை ஒழுகியது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்தும் அந்தப் பறவைப் புத்தகத்தை அப்படியே காயவிட்டேன், வெளியே பார்க்க நன்றாக இருந்ததால். இரண்டரைக் கிலோ. இப்போது அது ஒரே கட்டி, செங்கல் மாதிரி. நனைந்த மற்ற புத்தகங்களைப் பலகைக்கு நடுவே வைக்கும்போது மேலே ஏற்றுவது அதைத்தான்.